படத்திலிருந்து பூத்தையல்
கிராமத் தையற்கூடங்களுக்கு ஒரு பாடம்

பருத்தி விளையும் கரிசல் மண்ணும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமும் கூடும் இடத்தில் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. இவ்வட்டாரத்தின் வாழ்க்கை நூலோடும் துணியோடும் பிணைந்தது என்பதை நாம் அறிவோம். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் பின்னர் நூற்பாலைகள் இங்கே பெருகின. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பகுதிகளில் பெண்கள் அணியும் நைட்டி முதலிய ஆயத்த ஆடைகள் தைக்கப்படுகின்றன. நூற்றல், நெய்தல், தைத்தல் ஆகிய மூன்றும் இங்கு உண்டு. இவற்றின் மேல் வைக்கத்தக்க நான்காவது தொழிலைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விழைகிறோம். அது, ஒரு படத்தைக் கணிப்பொறியின் துணையால் பூத்தையல் யந்திரத்திற்குரிய தையற்கோப்பாக மாற்றும் தொழிலாகும்.

நைட்டியின் மார்புப் பட்டியிலோ, சேலையின் முந்தானையிலோ, பள்ளிச் சட்டையின் பையிலோ ஒரு பூவோ முத்திரையோ தைக்கப்பட்டால் அத்துணியின் மதிப்பு உயருகிறது. யந்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம். நூலும் துணியும் அருகிலேயே கிடைக்கும். ஆனால் யந்திரம் எதைத் தைக்க வேண்டும் என்னும் கட்டளை வெளியூரிலிருந்து வருமாயின், நமது ஊருக்கு எஞ்சுவது ஓட்டுகூலி மட்டுமே. வாங்கிய கோப்பு நமது துணிக்குப் பொருந்தாவிடில், கெட்டுப்போகும் துணியின் நட்டமும் நம்மையே சேரும். ஆதலால் இக்கலையைக் கிராமத்திலேயே கற்பது நன்று.

அட்டையிலிருந்து கோப்பு வரை

யந்திரத்திற்குத் துளைகளால் கட்டளையிடும் முறை நம் நெசவாளருக்குப் புதிதன்று. கைத்தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டியை ஏற்றி, துளையிட்ட அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கரையிலும் முந்தானையிலும் பூ வரவழைப்பதை அவர்கள் அறிவார்கள். கட்டத்தாளில் படம் வரைந்து, கட்டத்திற்குக் கட்டம் பார்த்து அட்டை குத்துபவர் ஒருவர் இருப்பார். அவர் தவறிழைத்தால் தறியில் எத்துணைத் திறமையுள்ளவர் அமர்ந்தாலும் பூ சிதைந்தே வரும். இம்முறையைப் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் செப்பம் செய்தார்.

பூத்தையல் யந்திரத்தின் வரலாறும் இதனை ஒட்டியதே. 1828-இல் மூல்ஹவுஸ் நகரத்து ஜோசுவா ஹைல்மன் கையால் இயக்கும் பூத்தையல் யந்திரத்தை அமைத்தார். 1863-இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி, ஓடம் போன்ற நூற்கூட்டை உடைய யந்திரத்தை உண்டாக்கினார். பின்னர் இவ்யந்திரங்களும் துளையிட்ட அட்டையாலும் காகிதச் சுருளாலும் இயங்கலாயின. தையற்கோப்பு தயாரிப்பதை இன்றும் இத்தொழிலினர் 'பஞ்சிங்' என்று சொல்வது அக்காலத்தின் எச்சமாகும். அட்டை போய்க் கணிப்பொறி வந்தது. எனினும் அட்டை குத்தியவரின் பொறுப்பு அப்படியே நிற்கிறது.

யந்திரம் படத்தைக் காண்பதில்லை

கைப்பேசியில் எடுத்த புகைப்படம், பல இலட்சம் சிறு புள்ளிகளின் தொகுதி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் உண்டு, அதற்குமேல் ஒன்றுமில்லை. எது கிளி, எது கிளை என்பதைப் புள்ளி அறியாது. பூத்தையல் யந்திரமோ புள்ளிகளின் நிறத்தைப் படிப்பதே இல்லை. துணி பூட்டிய பிரேமை இவ்வளவு தூரம் இந்தத் திசையில் நகர்த்து, ஊசியை இறக்கு, மறுபடி நகர்த்து, நூலை அறு, அடுத்த நிறத்திற்கு மாறு என்னும் கட்டளைகளையே அது ஏற்கும். இக்கட்டளைகளின் வரிசையே தையற்கோப்பு.

ஆகவே படத்திற்கும் கோப்பிற்கும் இடையில் ஒருவர் அமர்ந்து, எந்தப் பகுதியை எந்தத் தையலால், எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாக, எந்த வரிசையில் தைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். காம்புத் தையலும் சங்கிலித் தையலும் கையால் போட்டுப் பழகிய பெண்மணி ஒருவர், இலையின் நரம்பைப் பார்த்தவுடன் நூல் எப்பக்கம் சாய வேண்டும் என்பதை அறிவார். அவ்வறிவே இங்கு முதல். கணிப்பொறியை இயக்குவதைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு கிளியைத் தைப்போம்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் ஆண்டாள் நாச்சியாரின் இடக்கையில் அமர்ந்திருக்கும் கிளி நினைவுக்கு வரும். மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகும் அமைத்து நாள்தோறும் புதிதாகச் செய்யப்படும் கிளி அது. அதுபோன்ற ஒரு கிளியை, 60 மில்லிமீட்டர் உயரத்தில், பருத்தி நைட்டியின் மார்புப் பட்டியில் தைப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் படத்தைச் சுருக்க வேண்டும். புகைப்படத்தில் பச்சை என்பது நூறு வகைப் பச்சையாக இருக்கும். நூலில் இரண்டு பச்சை போதும். அலகிற்குச் சிவப்பு, கண்ணிற்கும் காலிற்கும் கறுப்பு. ஆக நான்கு நூல்கள். உடல், இறகு, வால், அலகு, கண், கால் என ஒவ்வொன்றிற்கும் தெளிவான எல்லைக்கோடு வரைந்து தனித்தனி உருவாக்க வேண்டும். நிலத்தை அளந்து வரப்புக் கட்டிய பின்னரே நடவு என்பதைப் போல, எல்லை வகுத்த பின்னரே தையல்.

அடுத்து, தையலின் வகையைத் தேர வேண்டும். யந்திரத் தையலில் அடிப்படையானவை மூன்று. ஊசி கோட்டின் மேல் முன்னேறிச் செல்வது ஓட்டுத்தையல். இது காலுக்கும் இறகின் கீற்றுகளுக்கும் ஏற்றது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறி மாறிப் பாய்ந்து பளபளப்பான பட்டையாக அமைவது சாட்டின் தையல். அலகிற்கும் கண்ணிற்கும் எழுத்துக்களுக்கும் இது தக்கது. ஆனால் பட்டையின் அகலம் 7 மில்லிமீட்டருக்கு மேற்படின் நூல் தளர்ந்து, வளையலிலும் நகத்திலும் சிக்கும். அகன்ற இடங்களுக்கு நிரப்புத்தையல் வேண்டும். இதில் யந்திரம் வரிசை வரிசையாகச் சென்று பரப்பை மூடுகிறது. கிளியின் உடலும் வாலும் இவ்வகை.

மூன்றாவது, திசை. ஒரே பச்சை நூலாயினும், உடலில் ஒரு சாய்விலும் இறகில் வேறு சாய்விலும் தைத்தால் ஒளி வெவ்வேறாகப் பட்டு இரண்டும் பிரிந்து தோன்றும். எல்லாவற்றையும் ஒரே திசையில் தைத்தால் கிளி தட்டையான பச்சைக் கறையாகிவிடும். உழவர் சரிவறிந்து சால் ஓட்டுவதைப் போல, தைப்பவர் உருவறிந்து நூல் ஓட்ட வேண்டும்.

நான்காவது, நெருக்கம். வழக்கமான 40-ஆம் எண் பூத்தையல் நூலுக்கு வரிசைக்கும் வரிசைக்கும் சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது பொது வழக்கம். நெருக்கி நட்ட பயிர் செழிக்காதது போல, நெருக்கித் தைத்த துணியும் நலம் பெறாது. சுருங்கும், விறைக்கும், ஊசித்துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழியும். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இழைகளுக்கிடையே இவ்வளவு இடமுள்ள துணியில் அடர்ந்த பூவைத் தைத்தால் பூவைத் தாங்க இழை ஏது? துணியின் நெசவைப் பார்த்தே நெருக்கத்தை வகுக்க வேண்டும்.

ஐந்தாவது, அடித்தையல். மேலே நிறம் தெரியத் தைக்குமுன், அகன்ற இடைவெளியில் ஒரு முறை தைத்துத் துணியை அடித்தாளோடு பிணைப்பது இது. மேல்தையலின் திசைக்குக் குறுக்காக இது அமைதல் வேண்டும். கோடையுழவு செய்த நிலம் போல, அடித்தையல் கண்ட துணி மேல்தையலை ஒழுங்காக ஏற்கும்.

ஆறாவது, இழுப்பிற்கு ஈடு செய்தல். ஒவ்வொரு தையலும் துணியைச் சற்றே உள்ளிழுக்கிறது. திரையில் வட்டமாக வரைந்த கண், துணியில் நீள்வட்டமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆதலால் நூல் ஓடும் திசையில் உருவத்தைச் சிறிது நீட்டி வரைவர். நெய்த பருத்தித் துணிக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர் நீட்டுவதிலிருந்து சோதனையைத் தொடங்கலாம். பின்னலாடைக்கு இதனினும் மிகுதியாக வேண்டும்.

ஏழாவது, வரிசை. பின்னால் இருப்பதை முதலிலும் முன்னால் இருப்பதைப் பிறகும் தைக்க வேண்டும்: முதலில் வால், பின் உடல், பின் இறகு, அலகு, இறுதியில் கண்ணும் காலும். ஒரே நிறம் வரும் பகுதிகளை இயன்றவரை அடுத்தடுத்து வைத்தால் நூல் மாற்றமும் நூல் அறுப்பும் குறையும்.

கணக்குப் பார்ப்போம்

உடலும் இறகும் சேர்ந்து 1,200 சதுர மில்லிமீட்டர், வால் 240 சதுர மில்லிமீட்டர் என்று கொள்வோம். தையலின் நீளம் 4 மில்லிமீட்டர், வரிசை இடைவெளி 0.4 மில்லிமீட்டர் எனில் ஒரு தையல் 1.6 சதுர மில்லிமீட்டரை மூடும். 1,440-ஐ 1.6-ஆல் வகுக்க 900 தையல் வரும். அடித்தையல் 2 மில்லிமீட்டர் இடைவெளியில், 3 மில்லிமீட்டர் நீளத்தில் எனில் 240. அலகு, கண், கால், இறகின் கீற்றுகள் ஆகியவற்றிற்கு 190 என்று வைத்தால் மொத்தம் 1,330 தையல். நிமிடத்திற்கு 700 தையல் போடும் யந்திரத்தில் இது ஏறத்தாழ இரண்டு நிமிடம். நூல் மாற்றத்திற்கும் அறுப்பிற்கும் ஒரு நிமிடம் சேர்த்தால் மூன்று நிமிடம். நூறு நைட்டிகளுக்கு ஐந்து மணி நேரம்.

இதையே அனுபவமற்ற ஒருவர், அடர்த்தியாக இருந்தால் அழகு என்று எண்ணி 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைத்தால், நிரப்புத்தையல் 1,800 ஆகும், மொத்தம் 2,230. நூல் மாற்றும் நேரத்தோடு ஒரு கிளிக்கு நான்கு நிமிடத்திற்கு மேல். நூறு நைட்டிகளுக்கு ஏழு மணி நேரம். இரண்டு மணி நேரக் கூலியும் மின்சாரமும் மிகுதியான நூலும் வீண், துணியும் சுருங்கும். கோப்பு அமைப்பவரின் ஒரு முடிவு, தையற்கூடத்தின் நாட்கூலியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இக்கணக்கே சான்று.

தானே மாற்றும் பொத்தான்

படத்தைக் கொடுத்தால் தானே தையற்கோப்பாக மாற்றித் தரும் வசதி இன்று பல மென்பொருள்களில் உண்டு. தெளிவான எல்லையும் இரண்டு மூன்று நிறமும் உடைய எளிய முத்திரைக்கு அது ஓரளவு உதவும். புகைப்படத்தைக் கொடுத்தாலோ, நிழலைத் தனி நிறமாகவும், பின்புறத்துச் சுவரின் கறையைத் தனி உருவாகவும் அது எடுத்துக்கொள்ளக்கூடும். சின்னஞ்சிறு புள்ளிகள் நூற்றுக்கணக்கில் சிதற, ஒவ்வொன்றிற்கும் யந்திரம் தாவி, நூலை அறுத்து, மீண்டும் தொடங்கும். திரையில் அழகாகத் தோன்றியது துணியில் நூற்கற்றையாக முடியும். பொத்தான் தந்ததை முதற்படியாகக் கொண்டு, மேலே கூறிய ஏழு படிகளையும் தம் கண்ணால் சரிபார்ப்பதே முறை.

பழகுவதற்குப் பொருட்செலவு தடையன்று. இங்க்ஸ்கேப் என்னும் வரைபட மென்பொருளும், அதனோடு இணைந்து இயங்கும் இங்க் ஸ்டிச் என்னும் பூத்தையல் மென்பொருளும் விலையின்றிக் கிடைக்கின்றன. வில்காம் போன்ற விலை மிக்க மென்பொருள்கள் பெரிய கூடங்களில் வழங்குகின்றன. இலவசமானதில் அடிப்படையைக் கற்றவர் விலை மிக்கதையும் விரைவில் கையாளுவார்.

கோப்பைக் கொடுக்கும்போது

ஜப்பானிய டஜிமா நிறுவனத்தின் யந்திரங்களால் பரவிய டி.எஸ்.டி. என்னும் கோப்பு வகையைப் பெரும்பாலான தொழில்முறை யந்திரங்கள் ஏற்கின்றன. இதில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கே அளவின் அலகு. ஒரு கட்டளையில் பிரேம் ஒரு திசையில் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் நகராது. இவ்வகைக் கோப்பைப் பற்றி இரண்டு செய்திகளை மறத்தல் கூடாது. முதலாவது, நிறம் மாறும் இடத்தை இது குறிக்குமேயன்றி நிறம் இன்னது என்று கூறாது. ஆகவே நூல்களின் வரிசையைத் தாளில் எழுதிக் கோப்போடு அனுப்ப வேண்டும். தவறினால் கிளிக்குச் சிவப்பு உடலும் பச்சை அலகும் அமையும். இரண்டாவது, இது தையற்புள்ளிகளை மட்டுமே கொண்டது. 60 மில்லிமீட்டர் கிளியை யந்திரத்திலேயே 90 மில்லிமீட்டராகப் பெருக்கினால் தையலின் எண்ணிக்கை கூடாமல் இடைவெளி மட்டும் பெருகித் துணி தெரியும். எனவே உருவங்களும் எல்லைகளும் அடங்கிய மூலக்கோப்பைத் தனியே காத்து, வேறு அளவு வேண்டும்போது அதிலிருந்தே புதிதாக எடுக்க வேண்டும்.

எந்தக் கோப்பையும், தைக்கவிருக்கும் அதே துணியில், அதே அடித்தாளோடு ஒரு முறை தைத்துப் பார்க்காமல் சரக்கில் ஏற்றுதல் தகாது. விதைநேர்த்தி செய்து முளைப்பு பார்த்த பின்னரே விதைப்பது நமது வழக்கமன்றோ?

படம் எவருடையது?

வழியில் கண்ட படத்தையெல்லாம் எடுத்தாள்வது முறையன்று. ஓவியம், புகைப்படம் ஆகியவற்றின் உரிமையை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும், வணிக முத்திரைகளை 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டமும் காக்கின்றன. புகழ்பெற்ற நிறுவனத்தின் முத்திரையை அனுமதியின்றி சட்டையில் தைத்து விற்பது வழக்கிற்கு இடமாகும். பள்ளியோ கூட்டுறவுச் சங்கமோ தனது முத்திரையைத் தைக்கக் கேட்டால் எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். நீலகிரித் தோடர்களின் கைப் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றது; அதன் சாயலை யந்திரத்தில் தைத்து அப்பெயரால் விற்பது அம்மக்களின் பிழைப்பைப் பறிப்பதாகும்.

பிறர் படத்தை நாடவேண்டிய தேவைதான் என்ன? கிளியும் மாலையும் தேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளன. இராஜபாளையத்தின் வெண்ணிற நாய் நாடறிந்தது. மலையில் வாழும் சாம்பல் அணிலுக்காக 1988-இல் இங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. பருத்திக் காயும் கம்பங் கதிரும் நமது வயலில் இருக்கின்றன. பிள்ளைகள் கோலமாவால் வாசலில் இடும் கோலமே சிறந்த ஓட்டுத்தையல் வடிவம். நாமே வரைந்த படத்திற்கு உரிமையும் நமதே. வேறெங்கும் கிடையாத சரக்கு என்னும் பெயரும் நமதே.

கிராமம் செய்யத்தக்கது

இத்தொழிலின் ஒரு சிறப்பைக் கவனித்தல் வேண்டும். கோப்பு அமைப்பவரிடம் யந்திரம் இருக்க வேண்டுவதில்லை. ஒரு கணிப்பொறியும் இணைய வசதியும் இருந்தால் வீட்டிலிருந்தே கோப்பை உருவாக்கித் தளவாய்புரத்துத் தையற்கூடத்திற்கும் அனுப்பலாம், திருப்பூருக்கும் அனுப்பலாம். பூத்தையல் யந்திரத்திற்கு வேண்டிய பெருமுதல் இதற்கு வேண்டாம். ஆயினும் சோதனைத் தையலைக் கண்ணால் காணாமல் கற்பது அரிது. அதற்கு அருகிலுள்ள யந்திர உரிமையாளரோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் துணையோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகத்தின் கிராமங்களெங்கும் உள்ளன. அக்குழுக்களில் தையல் அறிந்த பெண்களும் கணிப்பொறி கற்ற இளம் பெண்களும் உண்டு. ஒருவர் நூலின் போக்கை அறிவார். மற்றவர் திரையை அறிவார். இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவதே இத்தொழிலின் தொடக்கம். பயிற்சிக்கு, முன்னோடி வங்கிகளின் பொறுப்பில் மாவட்ட அளவில் நடைபெறும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை அணுகலாம். தையலோடு கோப்பு அமைத்தலையும் கற்பிக்க வேண்டுமெனப் பத்துப் பெண்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால், தனியொருவர் கேட்பதைவிட அது வலுவுடையதாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியவை சிலவே; எனினும் அவை பயனுள்ளவை. ஊரில் தையற்கூடங்கள் எத்தனை, பூத்தையல் யந்திரங்கள் எத்தனை, அவற்றிற்குக் கோப்பு எங்கிருந்து வருகிறது, அதற்கு ஆண்டிற்குச் செலவாகும் பணம் எவ்வளவு என்பதைக் கேட்டறிந்து ஒரு தாளில் எழுதுக. அத்தாளைக் கிராம சபையில் படிக்கச் செய்க. வெளியே செல்லும் தொகை ஒரு பெண்ணின் ஓராண்டு ஊதியத்திற்கு நிகரென்று கண்டால், அவ்வூருக்குக் கோப்பு அமைப்பவர் ஒருவர் தேவை என்பது சொல்லாமலே விளங்கும். அத்தொகை சிறிதாயின், அண்டைக் கிராமங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.